திரும்பத் திரும்ப அதே பாவம்: என் தவ்பா ஏற்கப்படுமா?

கேள்வியின் சாரம் இது: "வயது 26. வளைகுடாவில் நான்கு பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். சுபுஹை (விடியற்காலைத் தொழுகையை) தவிர மற்றத் தொழுகைகளை விடுவதில்லை. ஆனால் ராத்திரியில் மொபைலில் ஆபாச வீடியோ பார்க்கும் பழக்கம் கல்லூரிக் காலத்திலிருந்து இருக்கிறது. அழுது தவ்பா (பாவத்தை விட்டு மன்னிப்புத் தேடுவது) செய்கிறேன். சில நாள் தாங்கும், சில சமயம் சில வாரம். மறுபடியும் அதேதான். ரமளான் முழுக்கத் தொடாமல் இருந்தவன் பெருநாள் ராத்திரியே விழுந்துவிட்டேன். குர்ஆன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தும் முறித்திருக்கிறேன். தனிமையில் பாவம் செய்கிறவர்களின் மலையளவு நன்மையும் புழுதியாகிவிடும் என்ற ஹதீஸைப் படித்ததிலிருந்து தொழ நிற்கவே கூசுகிறது. இதில் அறை நண்பர்கள் என்னை இமாமாக நிற்கச் சொல்கிறார்கள். நான் அல்லாஹ்வை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா?"

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு. தம்பி, முதலில் மார்க்கச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மனம் வருந்திச் செய்த தவ்பா, பிறகு விழுந்ததால் ரத்தாகிவிடாது. போன மாதம் மன்னிக்கப்பட்டது மன்னிக்கப்பட்டதுதான். இந்த மாதம் செய்தது புதிய பாவம், அதற்குப் புதிய தவ்பா. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (இறப்பு ஹிஜ்ரி 676), ஒரு பாவம் நூறு முறை, ஆயிரம் முறை, அதற்கு மேலும் திரும்ப நிகழ்ந்து, ஒவ்வொரு முறையும் ஒருவர் தவ்பா செய்தால் அவருடைய தவ்பா ஏற்கப்படும் என்று தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்.

அவர் இதை எழுதியது ஒரு ஹதீஸ் குத்ஸியின் (அல்லாஹ் சொன்னதாக நபியவர்கள் அறிவிப்பது) கீழ். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஓர் அடியான் பாவம் செய்துவிட்டு "யா அல்லாஹ், என் பாவத்தை மன்னித்துவிடு" என்கிறான். பாவத்தை மன்னிக்கவும் அதற்காகப் பிடிக்கவும் தனக்கு ஒரு ரப்பு இருக்கிறான் என்று என் அடியான் தெரிந்துவைத்திருக்கிறான் என்று அல்லாஹ் சொல்கிறான். மறுபடி செய்கிறான், மறுபடி கேட்கிறான், அதே பதில். மூன்றாவது முறையும் அப்படியே. அதன் பிறகு வருகிறது: "என் அடியானை மன்னித்துவிட்டேன், அவன் விரும்பியதைச் செய்யட்டும்." கடைசி வாக்கியத்தைச் சிலர் லைசென்ஸ் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். நவவி தரும் விளக்கம், இப்படிப் பாவம் செய்து தவ்பா செய்துகொண்டு இருக்கும்வரை மன்னித்துக்கொண்டிருப்பேன் என்பதுதான். அந்த அடியான் மூன்று முறையும் கேட்டு வந்தான் என்பதைக் கவனியுங்கள். "இனி எந்த முகத்தோடு கேட்பது" என்று அவன் ஒதுங்கவில்லை. நீங்கள் இப்போது அந்த இடத்தில் நிற்கிறீர்கள்.

முற்கால அறிஞர் ஹஸன் பஸரி (ரஹ்) அவர்களிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். பாவம் செய்து மன்னிப்புக் கேட்டு, திரும்பச் செய்து திரும்பக் கேட்பதற்கு வெட்கமாக இருக்காதா என்று. இந்த எண்ணத்தைக் கொண்டு உங்களை வென்றுவிடத்தான் ஷைத்தான் ஆசைப்படுகிறான், இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்பு) கேட்பதில் சடைந்துபோகாதீர்கள் என்றார்கள். ராத்திரி அரை மணி நேரம் உங்களைக் கெடுத்தது அவனுக்குப் போதாது. "நீயெல்லாம் தொழுது என்ன ஆகப்போகிறது" என்று விடிந்ததும் சொல்கிறானே, அவன் குறிவைப்பது அதைத்தான்.

இதே நிலையில் இருந்த ஒரு ஸஹாபி (நபித்தோழர்) பற்றி நம் ஜும்ஆ பயான்களில் அதிகம் சொல்வதில்லை. சொன்னால் ஜனங்கள் துணிந்துவிடுவார்கள் என்ற பயமோ என்னவோ. அவர் பெயர் அப்துல்லாஹ். ஹிமார் என்று பட்டப்பெயர். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பார். அவருக்கு மதுப் பழக்கம் இருந்தது. குடித்ததற்காக நபியவர்கள் அவருக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் மறுபடியும் கொண்டுவரப்பட்டார், அடி விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் "அல்லாஹ் இவனைச் சபிக்கட்டும், எத்தனை தடவைதான் இவனைக் கொண்டுவருவது!" என்றார். நபியவர்கள் தடுத்தார்கள்: "அவரைச் சபிக்காதீர்கள். அல்லாஹ்வின் மீது ஆணையாக, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்றே நான் அறிந்திருக்கிறேன்." இதை அறிவிப்பவர் உமர் (ரலி), பதிவு செய்தது புகாரி.

இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. அடி ரத்தாகவில்லை, பாவத்தைப் பாவம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதே ஆளிடம் நேசம் இருக்கிறது என்று சாட்சி சொல்லப்பட்டதும் அதே சபையில்தான். "பாவம் செய்கிறேன், ஆகவே என் தொழுகை பொய், என் ஈமான் நடிப்பு" என்று நீங்கள் போடும் கணக்கை நபியவர்கள் போடவில்லை.

சரி, நீங்கள் படித்த அந்த ஹதீஸுக்கு வருவோம். ஸவ்பான் (ரலி) அறிவித்து இப்னு மாஜாவில் இருப்பது. மறுமையில் சிலர் திஹாமா மலைகள் போல வெண்மையான நன்மைகளோடு வருவார்கள், அல்லாஹ் அவற்றைப் புழுதியாக்கிவிடுவான். அவர்கள் உங்கள் சகோதரர்கள்தான், உங்களைப் போல இரவில் வணங்கவும் செய்வார்கள், ஆனால் தனிமை கிடைத்தால் அல்லாஹ் தடுத்தவற்றை மீறித் தகர்ப்பார்கள் என்று வருகிறது. வாட்ஸ்அப்பில் இதைக் கருப்புப் பின்னணியில் போட்டு அனுப்புகிறவர்கள் விளக்கத்தைச் சேர்த்து அனுப்புவதில்லை. அறிஞர்கள் இதை, அல்லாஹ் பார்க்கிறான் என்பதைத் துச்சமாக நினைத்து, உறுத்தலே இல்லாமல், அதையே வழக்கமாக வைத்துக்கொண்டு, வெளியில் பக்திமானாக உலவுகிறவர்களைப் பற்றியது என்று விளக்குகிறார்கள். ஆசைக்குத் தோற்று, உடனே குன்றிப்போய், சஜ்தாவில் அழுகிறவரைப் பற்றிக் குர்ஆன் பேசும் இடம் வேறு. ஆலு இம்ரான் 135ஆம் வசனத்தைப் பாருங்கள். சொர்க்கத்துக்குரிய இறையச்சமுடையோரை வர்ணித்துக்கொண்டே வரும்போது, "அவர்கள் மானக்கேடான செயலைச் செய்துவிட்டாலோ தமக்குத் தாமே அநீதி இழைத்துவிட்டாலோ அல்லாஹ்வை நினைத்துத் தம் பாவங்களுக்கு மன்னிப்புத் தேடுவார்கள்" என்று வருகிறது. தக்வாக்காரர்களின் பட்டியலில் மானக்கேடான செயலில் விழுந்து எழுந்தவரும் இருக்கிறார். ஆனால் அந்த வசனத்தின் முடிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: "தெரிந்துகொண்டே அவர்கள் செய்ததில் பிடிவாதமாக இருக்கமாட்டார்கள்."

இனி உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும்.

தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள் என்று மதரஸாவிலேயே படித்திருப்பீர்கள். அந்தப் பாவத்தை உடனே விடுவது, செய்ததற்கு வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதி கொள்வது. அடியாரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது நாலாவது. மூன்றாவது நிபந்தனையில்தான் உங்களுக்குச் சிக்கல். "திரும்பச் செய்துவிட்டேனே, அப்படியானால் உறுதி இல்லை என்றுதானே அர்த்தம்?" என்கிறீர்கள். இல்லை. தவ்பா செய்யும் அந்த நேரத்தில் உறுதி இருக்க வேண்டும். நாளைக்கு விழமாட்டேன் என்று உத்தரவாதம் தருவது மனிதனால் ஆகாது, அதை அல்லாஹ் கேட்கவும் இல்லை.

ஆனால் அந்த நேரத்து உறுதி உண்மையானதா என்பதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அழுது முடித்து முசல்லாவைச் சுருட்டி வைத்தபின் உங்கள் மொபைலில் என்ன மீதி இருக்கிறது? அந்த டெலிகிராம் சேனலை விட்டு வெளியேறினீர்களா, அல்லது மியூட் மட்டும் செய்தீர்களா? ரகசிய எண் போட்டுப் பூட்டி வைத்த ஃபோல்டர் போய்விட்டதா, "அப்புறம் அழிக்கலாம்" என்று கிடக்கிறதா? கண்ணீர் ஒரு பக்கம், சேமிப்பு ஒரு பக்கம் என்றால் முதல் நிபந்தனையே இன்னும் நிறைவேறவில்லை. இமாம் கஸ்ஸாலி (இறப்பு ஹிஜ்ரி 505) தவ்பா செய்கிறவர்களை நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். அதில் மூன்றாமவர், வணக்கங்களில் சரியாகத்தான் இருக்கிறார், பாவங்களில் பெரும்பாலானவற்றை விட்டும்விட்டார். ஓரிரு ஆசைகளில் மட்டும் நஃப்ஸ் (மன இச்சை) அவரை வென்றுவிடுகிறது. செய்து முடித்ததும் வருந்துகிறார், ஆனால் முழுமையாக விடுவதை நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போகிறார். கஸ்ஸாலி இவர் விஷயத்தில் நம்பிக்கையை விடவில்லை, ஆனால் தள்ளிப்போடுகிற அந்த இடைவெளியில் மவ்த் (மரணம்) வந்துவிட்டால் என்ன ஆவது என்று பயப்படுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

தொண்ணூற்றொன்பது கொலை செய்தவரின் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். முதலில் போய்க் கேட்ட வணக்கசாலி "உனக்குத் தவ்பா இல்லை" என்றதும் அவரையும் கொன்று நூறாக்கினார். அடுத்துக் கேட்டது ஓர் ஆலிமிடம். தவ்பாவுக்கும் உனக்கும் நடுவில் யார் குறுக்கே நிற்க முடியும் என்று சொன்ன அந்த ஆலிம் அத்தோடு நிறுத்தவில்லை. உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர், இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து வணங்கு என்று வழியும் சொல்லி அனுப்பினார். அதாவது, மனசை மாற்றிக்கொள் என்பதோடு இடத்தையும் மாற்றச் சொன்னார்.

நீங்கள் ஊரைக் காலி செய்ய முடியாது. உங்களுக்கு மாற்ற வேண்டிய இடம் ஆறடிக் கட்டில். பெட்ஸ்பேஸ் (கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கும்) அறைகளில் ஆளாளுக்குக் கட்டிலைச் சுற்றித் துணித்திரை கட்டிக்கொள்வது வழக்கம். அந்தத் திரைக்குள் ஒரு மொபைல், ஒரு சார்ஜர், காதில் இயர்போன். பாவம் அங்கேதான் குடியிருக்கிறது. திரையைக் கழற்றிவிடுங்கள். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்றால் கண்ணுக்கு ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். சார்ஜரைக் கிச்சன் பக்கம் உள்ள பிளக்குக்கு மாற்றுங்கள். இஷாவுக்குப் பிறகு ஊருக்குப் பேச வேண்டியதைப் பேசி முடித்து, மொபைலை அங்கே செருகிவிட்டு வந்து படுங்கள். "அலாரத்துக்கு வேண்டுமே" என்று நஃப்ஸ் முதல் வழக்கைப் போடும். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள், அந்த வழக்கு முடிந்தது. ஷைத்தானை விரட்ட ஓதுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே கையில் மொபைலோடு திரைக்குள் படுக்காதீர்கள் என்கிறேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அறிஞர் இப்னுல் கைய்யிம் (இறப்பு ஹிஜ்ரி 751) விளக்குவது போல, எல்லாம் மனதில் ஓடும் ஒரு நினைப்பில் தொடங்குகிறது. அதைத் தள்ளாவிட்டால் சிந்தனையாகும், சிந்தனை ஆசையாகும், ஆசை முடிவாகும், முடிவு செயலாகும், செயல் வழக்கமாகிவிடும். நீங்கள் ஒவ்வொரு முறையும் சண்டை போடுவது நாலாவது படியில் நின்றுகொண்டு. அங்கே யாராக இருந்தாலும் தோற்பார்கள். "சும்மா ரீல்ஸ் பார்க்கலாம்" என்ற முதல் படியில் எழுந்து போவதற்குப் பெரிய வீரம் தேவையில்லை, ஒளூச் செய்ய எழுந்தால்கூடப் போதும்.

ரமளானைப் பற்றிச் சொன்னீர்கள், அதை நீங்கள் தோல்வியாகச் சொன்னீர்கள். முப்பது நாள் உங்களால் முடிந்திருக்கிறது! அந்த மாதத்தில் ஷைத்தான்களுக்கு விலங்கு என்பது உண்மை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: இஷா, தராவீஹ் முடிந்து களைத்து வந்தீர்கள், எல்லோரும் சஹருக்கு ஒன்றாக எழுந்தீர்கள், பகலில் வயிறு காலி, தனிமை என்பதே கிடைக்கவில்லை. பெருநாள் ராத்திரி என்ன நடந்தது? பகலில் ஊர் ஞாபகம், வீடியோ கால், பிரியாணி, தூக்கம். ராத்திரி தூக்கம் வராமல் திரைக்குள் தனியாக. ஷவ்வால் ஆறு நோன்பை பெருநாளுக்கு மறுநாளே தொடங்கியிருந்தால் அந்த இடைவெளி விழுந்திருக்காது. அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டாம், திங்கள், வியாழன் நோன்பை இப்போதே பிடியுங்கள். மணமுடிக்க வசதியில்லாத இளைஞர்களுக்கு நோன்பு கேடயம் என்று நபியவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிமில் இருக்கிறது. நிக்காஹ் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். திருமணம் ஆசைக்கு வழி திறக்கும், பழக்கத்தை அதுவாக ஒழிக்காது. நிக்காஹுக்குப் பிறகும் இதே கேள்வியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து சுபுஹு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் யூகிக்க முடிகிறது. ராத்திரி விழுந்தால் குளிப்பு கடமையாகிவிடுகிறது. நான்கு பேருக்கு ஒரே பாத்ரூம். விடியற்காலை நாலரைக்கு வாளிச் சத்தம் கேட்டால் மற்றவன் என்ன நினைப்பானோ என்று போர்வையை இழுத்துக்கொள்கிறீர்கள், தொழுகை களாவாகிறது (நேரம் தவறிவிடுகிறது). இப்போது எது பெரிய பாவம் என்று யோசியுங்கள். வேண்டுமென்றே தொழுகையை நேரம் தவற விடுவதை வெட்கம் நியாயமாக்காது. உம்மு ஸுலைம் (ரலி) நபியவர்களிடம் வந்து, உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று சொல்லிவிட்டுத் தூக்கத்தில் ஸ்கலிதமாவதைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு பெண்மணியே கேட்டார்கள். தூக்கத்தில் ஆவது யாருக்கும் உண்டு, ஒருவன் விடியலில் குளிப்பதில் யாரும் துப்பறியப்போவதில்லை. எழுந்து குளித்துவிட்டுத் தொழுங்கள். களாவான சுபுஹுகளைக் கணக்கிட்டுத் தொழுது முடியுங்கள்.

விழுந்துவிட்டால் உடனே என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. அபூபக்ர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், பாவம் செய்தவர் எழுந்து சுத்தம் செய்து, தொழுது, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டால் அல்லாஹ் அவரை மன்னிக்காமல் இருப்பதில்லை என்று வருகிறது. அபூதாவூத், திர்மிதியில் உள்ளது. குளித்துவிட்டு இரண்டு ரக்அத். நாளைக்குத் தள்ள வேண்டாம். "நன்மைகள் தீமைகளைப் போக்கிவிடும்" என்ற ஹூத் 114ஆம் வசனம், ஒரு பெண்ணை முத்தமிட்டுவிட்டு நபியவர்களிடம் ஓடிவந்து சொன்ன ஒரு மனிதரின் விஷயத்தில் இறங்கியது. எனக்கு மட்டுமா என்று அவர் கேட்டார், என் உம்மத் (சமுதாயம்) அனைவருக்கும் என்றார்கள். ஆனால் செய்வதற்கு முன்பே "விடிந்ததும் ஸதகா போட்டுவிடலாம்" என்று கணக்குப் போடுவது அந்த வசனத்தில் அடங்காது.

சத்தியம் செய்ததைப் பற்றி. வாயால் அல்லாஹ்வின் மீதோ குர்ஆன் மீதோ சத்தியம் சொல்லி முறித்திருந்தால் கஃப்பாரா (பரிகாரம்) உண்டு. பலர் நேராக மூன்று நோன்பு வைத்துவிடுகிறார்கள், அது சரியல்ல. மாயிதா 89ஆம் வசனத்தில் உள்ள வரிசைப்படி, பத்து ஏழைகளுக்கு உங்கள் வீட்டில் உண்ணும் நடுத்தரமான உணவு, அல்லது அவர்களுக்கு உடை, அல்லது அடிமையை விடுதலை செய்வது. இதற்கு வசதியில்லாதவருக்குத்தான் மூன்று நோன்பு. நீங்கள் சம்பாதிக்கிறவர், உணவு கொடுங்கள். ஒரு சத்தியம் ஒருமுறை முறிந்தால் முடிந்தது, அதற்குப் பிறகு விழுந்ததற்கெல்லாம் அதே சத்தியத்தின் கஃப்பாரா சேர்ந்துகொண்டே போகாது. இனிமேல் இந்த விஷயத்தில் சத்தியமே வேண்டாம். பாவத்தோடு சத்தியத்தை முறித்த சுமையும் சேர்ந்துகொள்கிறதே தவிர, அதனால் கை கட்டுப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

அடியாரின் உரிமை என்று ஒன்று சொன்னேன். நீங்கள் மட்டும் பார்த்தது அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ளது. யாருக்காவது அனுப்பியிருந்தால், லிங்க் கொடுத்திருந்தால் அது வேறு. தவறான வழிக்கு அழைத்தவருக்கு அதைப் பின்பற்றியவர்களின் பாவம் போல அவர்கள் பாவம் குறையாமலே சேரும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. அனுப்பியதை அழியுங்கள், அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அதிலும் யாரோ ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் எடுத்த வீடியோ என்றால் அது அவள் மானம். இந்த ஒன்றில் அலட்சியம் கூடவே கூடாது.

மற்றபடி இதை யாரிடமும் சொல்லித் திரியாதீர்கள். நாளை மணமுடிக்கப்போகிறவளிடம் பழைய பாவத்தை ஒப்புவிக்க வேண்டும் என்று மார்க்கம் கேட்கவில்லை. ராத்திரி அல்லாஹ் மறைத்துவைத்ததை விடிந்ததும் தானே எடுத்துச் சொல்கிறவர்களைத் தவிர என் உம்மத் அனைவரும் மன்னிக்கப்படுவர் என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். சிகிச்சைக்காக ஒரு மனநல மருத்துவரிடமோ, வழி கேட்டு ஓர் ஆலிமிடமோ பேசுவது இதில் சேராது. இத்தனை செய்தும் கை நடுங்கி மொபைலைத் தேடுகிறது, வேலை கெடுகிறது என்றால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக இமாமத் (முன்னின்று தொழுகை நடத்துவது). நான் நயவஞ்சகனா என்ற பயம் உங்களுக்கு. நபித்தோழர்களில் முப்பது பேரைச் சந்தித்தேன், ஒவ்வொருவரும் தன்னிடம் நிஃபாக் (நயவஞ்சகம்) இருக்குமோ என்று பயந்தார்கள் என்று தாபிஈ (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையவர்) இப்னு அபீ முலைக்கா சொன்னதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பயம் உள்ளவனை முனாஃபிக் என்று எப்படிச் சொல்வது? பாவம் செய்தவரின் பின்னால் தொழுத தொழுகை செல்லும் என்பதே ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபிலும் சட்டம். தவ்பா செய்தவர் அந்தப் பாவத்தின் பெயரால் அழைக்கப்படவும் மாட்டார். உங்களில் நன்றாக ஓதத் தெரிந்தவர் நீங்கள் என்பதால்தான் நிற்கச் சொல்கிறார்கள். தவ்பா செய்து குளித்து வந்திருக்கிறீர்கள் என்றால் போய் முன்னால் நில்லுங்கள். சுபுஹுக்கும் நீங்களே நிற்பதாகச் சொல்லிவிடுங்கள், மற்ற மூன்று பேரும் உங்களை எழுப்பிவிடுவார்கள்.